வாசகர் கேள்வி-பதில்: சாம்பல் தாழி தோண்டும் மாவட்டத்துக்காரர்கள்

சென்ற இதழில், வடஜெர்மனியின் ஃபால்வார்ட் என்ற இடத்தில் படகுக்குள் வைத்துப் புதைக்கப்பட்ட ஒருவரின் பக்கத்தில் கிடைத்த மர நாற்காலியைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். நாற்காலியை விட்டுவிட்டு, அதைத் தோண்டியது யார், அது என்ன மாதிரி வேலை என்றுதான் நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரி கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

வாசகர், திருச்சி: அந்த நாற்காலியைக் கண்டெடுத்தவர் எந்தப் பல்கலைக்கழகப் பேராசிரியர்?

பேராசிரியர் இல்லை. தோண்டியது குக்ஸ்ஹாஃபன் மாவட்டத்தின் தொல்லியல் பிரிவு, பொறுப்பில் இருந்தவர் மத்தியாஸ் ஷோன். ஜெர்மனியில் தொல்லியல் மத்திய அரசின் கையில் இல்லை. 16 மாநிலங்களுக்கும் தனித்தனிச் சட்டம், தனித்தனி அலுவலகம். அதற்குக் கீழே சில மாவட்டங்களும் நகரங்களும் சொந்தமாகவே ஒரு தொல்லியலாளரை வேலைக்கு வைத்துக்கொள்கின்றன. அந்த ஆளின் மேசைக்கு வருவது பெரும்பாலும் கட்டட அனுமதிக் கோப்புகள்தான். இங்கே புதுக் குடியிருப்பு வருகிறது, அங்கே எரிவாயுக் குழாய் போகிறது, இந்த மேட்டில் காற்றாலை நடப்போகிறார்கள், அந்த இடத்தில் மண்ணுக்கடியில் என்ன இருக்கும் என்று பழைய வரைபடங்களையும் முன்பு அந்தப் பக்கம் கிடைத்த பானை ஓடுகளின் பதிவுகளையும் புரட்டிச் சொல்ல வேண்டும். இருக்கும் என்று தெரிந்தால் முதலில் அகழாய்வு, அப்புறம்தான் கட்டடம். செலவு பொதுவாகக் கட்டுகிறவர் தலையில். அதனால் இவர்களை யாருக்கும் அவ்வளவாகப் பிடிக்காது.

ஃபால்வார்டில் 1993 முதல் 1998 வரை தோண்டினார்கள். எரித்தவர்களின் எலும்பைப் போட்டுப் புதைத்த சாம்பல் தாழிகளும் உடலோடு புதைத்த குழிகளுமாக ஒரு பெரிய இடுகாடு அது. கடலோரச் சதுப்பு மண், காற்றுப் புகாத ஈரம், அதனால் மரம் அழுகவில்லை. ஆல்டர் மரத்தின் ஒரே அடிமரத்தைக் குடைந்து செய்த நாற்காலி, மேலெல்லாம் வெட்டுச் செதுக்கு வேலைப்பாடு. கூடவே ஒரு கால்மணை, அதில் ரூன் என்னும் பழைய ஜெர்மானிய எழுத்து, மானை நாய் துரத்திப் பிடிக்கும் படம். காலம் கி.பி. 431 வாக்கில் என்று மர வளையங்களை எண்ணிச் சொல்லிவிட்டார்கள். இறந்தவர் இடுப்பில் ரோமானியப் படைவீரர்கள் கட்டும் வகை பெல்ட்டின் உலோகத் துண்டுகள் இருந்தன. ரோமானியப் படையில் கூலிக்குச் சேவகம் செய்துவிட்டு ஊர் திரும்பியவராக இருக்கலாம். அந்த மாவட்டத்திலேயே பெடர்கேசா என்ற ஊரின் பழைய கோட்டையில் உள்ள அருங்காட்சியகத்தில் இவற்றைக் காட்சிக்கு வைத்தார்கள். பெர்லினுக்குக் கொண்டுபோகவில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

வாசகர், நாகர்கோவில்: ஒரே மாவட்டத்தில் காலமெல்லாம் தாழி தோண்டினால் சலித்துப் போகாதா? இப்படி ஒருவர் பெரிய பெயர் வாங்க முடியுமா?

சலிக்குமோ என்னவோ, பெயர் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். இந்தத் துறையின் பாதி அஸ்திவாரமே பள்ளி ஆசிரியர்கள் போட்டது. குஸ்டாஃப் ஷ்வாண்டஸ் ஹாம்பர்கில் வாத்தியார். லூனபுர்க் பகுதியில் யூல்சன் என்ற ஊரைச் சுற்றியிருந்த தாழிக்காடுகளைப் பதின்ம வயதிலிருந்தே தோண்டிப் பார்த்தவர். யாஸ்டோர்ஃப் என்ற சின்ன ஊரின் தாழிகளையும் ஆடையில் குத்தும் ஊக்குகளையும் வைத்து, எது முந்தியது எது பிந்தியது என்று அவர் போட்ட வரிசை 1911-ல் புத்தகமாக வந்தது. இன்றைக்கும் கிறிஸ்துவுக்கு முந்தைய சில நூற்றாண்டுகளின் வடஜெர்மன் இரும்புக்காலத்துக்கு ‘யாஸ்டோர்ஃப் பண்பாடு’ என்றுதான் பெயர். வாத்தியார் பின்னாளில் கீல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார்.

அவர் வழியில் வந்தவர் வில்லி வேகேவிட்ஸ், இவரும் ஆசிரியர்தான். 1898-ல் பிறந்து 1996 வரை வாழ்ந்தவர். 1930-ல் ஹாம்பர்குக்குத் தெற்கே ஹார்பர்க் ஊரின் ஹெல்ம்ஸ் அருங்காட்சியகத்துக்குப் பொறுப்பேற்று, 1966 வரை அங்கேயே இருந்தார். எல்பே ஆற்றின் தென்கரையில் லாங்கோபார்டுகள் என்று சொல்லப்படும் குடியினரின் தாழிக்காடுகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தோண்டினார். பிற்பாடு 568-ல் இத்தாலிக்குள் நுழைந்து லொம்பார்டி என்ற பெயரை விட்டுப்போனவர்களின் முன்னோர் இவர்கள். சில இடுகாடுகளில் எல்லாத் தாழியிலும் ஈட்டி, கேடயக் குமிழ், வாள். வேறு சிலவற்றில் ஊசி, ஊக்கு, நகை மட்டும். அப்படியானால் ஆணுக்கு ஒரு சுடுகாடு, பெண்ணுக்கு ஒரு சுடுகாடா என்ற கேள்வி பெரிதாக எழுந்தது. எலும்புகளைப் பரிசோதிக்கப் பரிசோதிக்க அந்தப் பிரிவினை அவ்வளவு கறாரானது இல்லை என்று தெரிய வருகிறது. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்பதற்கே பக்கத்துப் பக்கத்து ஊர்களின் பல இடுகாடுகளை ஒரே கண் பார்த்திருக்க வேண்டும். இரண்டு வருடம் இங்கே, மூன்று வருடம் எகிப்தில் என்று பறப்பவருக்கு அது வாய்க்காது. எந்த விவசாயியின் ஏரில் எந்த வருடம் பானை மாட்டியது, அதை அவர் கொட்டகையில் எங்கே போட்டு வைத்திருக்கிறார் என்பதெல்லாம் அங்கேயே கிடக்கிறவருக்குத்தான் தெரியும்.

வாசகர், தூத்துக்குடி: தாழி என்று எழுதுகிறீர்களே, எங்கள் ஆதிச்சநல்லூர் தாழி மாதிரியா?

இல்லை. ஆதிச்சநல்லூரில் ஆளையே உட்கார வைக்கலாம் போன்ற பெரிய தாழிகள், உள்ளே பெரும்பாலும் எரிக்காத எலும்புகள். ஜெர்மனியில் நான் சொல்வது வீட்டுப் பானை அளவுதான், இரண்டு கையால் தூக்கிவிடலாம். உடலைச் சிதையில் எரித்து, எலும்பைப் பொறுக்கிப் பானையில் போட்டு, முழங்கால் ஆழத்தில் புதைத்துவிடுவார்கள். ஆழம் குறைவு என்பதால் ஏர் ஓட்டும்போது மேல்பாதி உடைந்துபோய், பல இடங்களில் அடிப்பகுதி மட்டும்தான் மிஞ்சுகிறது. ஒரு சின்ன தொடர்பு உண்டு: 1876-ல் ஆதிச்சநல்லூரை முதலில் தோண்டி, கிடைத்ததை பெர்லினுக்கு மூட்டை கட்டியவர் ஃபெடோர் யாகோர் என்ற ஜெர்மன்காரர்.

வாசகர், கோவை: எரித்த எலும்பிலிருந்து என்ன பெரிதாகத் தெரிந்துவிடப் போகிறது?

நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் இந்த வேலையின் சுவாரசியமான பகுதியே இதுதான்.

முதலில் வயலில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். பல் இல்லாத அகலமான வாளி மாட்டிய பொக்லைனை வைத்து மேல்மண்ணை வழித்தெடுப்பார்கள். அடியில் மஞ்சள் மணல் தெரியும், அதில் அங்கங்கே கருப்பு வட்டங்கள். ஒவ்வொரு வட்டமும் ஒரு குழி. எண் போட்டு, படம் பிடித்து, வரைந்து, அப்புறம் கரண்டியால் சுரண்டுவார்கள். பானை தெரிந்தால் உடனே பிடுங்க மாட்டார்கள். சுற்றி மண்ணோடு சேர்த்து மாவுக்கட்டு போட்டு, முழுக் கட்டியாகத் தூக்கி ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். வசதி இருந்தால் ஆஸ்பத்திரியில் நமக்கு எடுப்பதுபோல் சி.டி. ஸ்கேன் எடுத்து, உள்ளே எந்த மட்டத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் அடுக்கடுக்காகக் காலி செய்வார்கள்.

எலும்பு வெள்ளை வெளேர் என்றிருந்தால் சிதையின் சூடு 800 டிகிரிக்கு மேல் போயிருக்கிறது. சாம்பல், நீலம் என்றால் அந்தப் பக்கம் தீ சரியாகப் பிடிக்கவில்லை. பல்லின் மேல்பூச்சு தீயில் வெடித்துவிடும், வேர் மிஞ்சும். மண்டையோட்டுத் துண்டின் பொருத்துகளைப் பார்த்து வயதைத் தோராயமாகச் சொல்வார்கள். நன்றாக எரிந்த எலும்பில் மரபணு தேறாது. ஆனால் உள்காது இருக்கும் கெட்டியான எலும்பு தீயிலும் நிற்கும், அதில் மண்ணிலிருந்து சாப்பாடு வழியாகச் சேர்ந்த ஸ்ட்ரான்ஷியம் என்ற தனிமத்தை அளந்து அந்த ஆள் சிறுவயதில் அந்த மண்ணில் வளர்ந்தவரா, வெளியூரா என்று பார்க்க வழியிருக்கிறது. வெந்த எலும்பை நேரடியாகக் கார்பன் முறையில் காலம் கணிப்பதும் இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து முடிகிறது.

இது போக, மனித எலும்போடு கலந்து கிடப்பவை இருக்கின்றன. உருகிப்போன கண்ணாடி மணி, மான்கொம்புச் சீப்பின் துண்டு, குதிரை எலும்பு, ஆட்டு எலும்பு. சில தாழிகளில் கரடி நகம் மட்டும் இருக்கும், கரடியின் வேறு எந்த எலும்பும் இருக்காது. ஆளைக் கரடித்தோலில் கிடத்தி எரித்திருக்கிறார்கள், தோல் போய்விட்டது, நகம் நின்றுவிட்டது. தங்க வாளை விட எனக்கு இந்த நகம் பெரிது.

உடலோடு புதைத்தவற்றில் நிலைமை தலைகீழ். வடக்கு மணல் மண்ணில் அமிலம் அதிகம், எலும்பைத் தின்றுவிடும். குழியில் ஆள் படுத்திருந்த இடத்தில் கருத்த நிழல் மட்டும்தான் இருக்கும். அதைக் கரண்டியால் தேடிப் பிடித்து வரைவது தனி வித்தை.

வாசகர், ஈரோடு: தங்கம் கிடைத்தால் யாருக்குச் சொந்தம்? நிறையக் கிடைக்குமா?

அபூர்வம். கிடைத்த கதை ஒன்று சொல்கிறேன். ரைன் கரையில் கிரேஃபெல்ட் நகரத்தை ஒட்டி கெல்லெப் என்ற இடம். ரோமானியர் காலத்தில் கெல்துபா என்ற கோட்டை, ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் குறிப்பிடுகிறார். அங்கே ரோமானியர் காலத்தில் தொடங்கி ஃபிராங்க் குடிகள் காலம் வரை ஒரே இடுகாட்டுப் பகுதியில் புதைத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். 1930-களில் ஆல்பர்ட் ஷ்டேகர் என்ற உள்ளூர் அருங்காட்சியகக்காரர் முறையாகத் தோண்ட ஆரம்பித்தார். அவருக்குப் பின் வந்தவர் ரெனாட்டே பிர்லிங் என்ற பெண்மணி. 1962-ல் அவர் காலத்தில் 1782-ம் எண் குழி திறந்தது: தங்க முலாம் பூசிய பட்டைகளை இணைத்துச் செய்த தலைக்கவசம், சிவப்புக் கல் பதித்த வாள், குதிரைச் சேணத்தின் அணிகள், வெண்கலப் பாத்திரங்கள், கிழக்கு ரோமப் பேரரசர் அனஸ்தாசியஸின் பொற்காசு. ஆறாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இறந்த ஒரு தலைவர். எண்ணைக் கவனியுங்கள், அதற்கு முன்னால் 1,781 குழிகள். மொத்தம் 6,000-க்கும் மேல் போனது. பெரும்பாலானவற்றில் குடம், தட்டு, கத்தி, மணி. அந்தக் காலப் பணக்காரக் குழிகளில் நிறைய, புதைத்துச் சில தலைமுறைக்குள்ளேயே தோண்டிக் கொள்ளையடிக்கப்பட்டவை வேறு.

சொந்தம் யாருக்கு என்பது மாநிலத்தைப் பொறுத்தது. பவேரியாவில் 2023 வரை, கண்டவருக்குப் பாதி, நிலத்துக்காரருக்குப் பாதி. அதனால் மெட்டல் டிடெக்டர் வைத்துக்கொண்டு அலைகிறவர்கள் பக்கத்து மாநிலத்தில் கண்டெடுத்ததையும் பவேரியாவில் கிடைத்தது என்று சொல்ல ஒரு ஆசை இருந்தது. இப்போது அங்கும் அரசுக்குத்தான். மற்ற 15 மாநிலங்களில் முன்னமே சட்டம் மாறிவிட்டது. தோண்டும் தொல்லியலாளருக்குச் சம்பளம் மட்டும்.

வாசகர், யாழ்ப்பாணம்: ஜெர்மானிய முன்னோர் என்றாலே ஹிட்லர் ஞாபகம் வருகிறது. இந்தத் துறைக்கு அதில் பங்கு இல்லையா?

இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. குஸ்டாஃப் கொஸின்னா என்பவர், ஒரே வகைப் பொருள் கிடைக்கும் எல்லைக்குள் ஒரே இனம் வாழ்ந்தது என்று எழுதினார். 1931-ல் அவர் இறந்தபின் நாஜிகளுக்கு அது வசதியாகப் போயிற்று. பானை எங்கெல்லாம் கிடைக்கிறதோ அங்கெல்லாம் எங்கள் நிலம் என்று சொல்லலாமே. ஹிட்லரின் கூட்டாளி ஹிம்லர் 1935-ல் ‘முன்னோர் மரபு’ என்று ஒரு அமைப்பே தொடங்கி அகழாய்வுக்குப் பணம் கொடுத்தார். அதுவரை பணத்துக்கு அலைந்துகொண்டிருந்த துறைக்குத் திடீரென்று பதவிகளும் வாகனங்களும் கிடைத்தன, பலர் வாங்கிக்கொண்டார்கள். அவர்களில் நிறையப் பேர் போருக்குப் பின்னும் அதே நாற்காலியில் உட்கார்ந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1945-க்குப் பின் ஜெர்மன் தொல்லியலாளர்கள் பெரிய கதை எதுவும் சொல்லாமல், பட்டியல் போடுவதிலும் ஊக்குகளை வகை பிரிப்பதிலும் ஒதுங்கிக்கொண்டதற்கு இந்த அவமானமும் ஒரு காரணம். அந்தப் பட்டியல்கள் படிக்கச் சுகமாக இருக்காது. ஆனால் பொய் சொல்வதில்லை.

‘ஜெர்மானியர்’ என்று ஒரே மக்கள் இருந்ததாகவும் நினைக்க வேண்டாம். ரோமானியர் வெளியிலிருந்து சூட்டிய பெயர் அது. தாழிக்குள் இருப்பவர் தன்னை என்னவென்று சொல்லிக்கொண்டார் என்று எந்த ஊக்கும் சொல்லாது.

வாசகர், சென்னை: பள்ளிப் படிப்பே முடிக்காத ஒரு ஆங்கிலேயர் மண்ணுக்குள் கப்பலைக் கண்டுபிடித்ததைப் படமாகப் பார்த்தேன். உண்மையா?

உண்மை. பேசில் பிரவுன், சஃபோக் மாவட்டத்துக்காரர், 12 வயதில் பள்ளியை விட்டவர். விவசாயம் பார்த்தார், இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்டாக இருந்தார், தானாகவே லத்தீனும் வானியலும் படித்து 1932-ல் வான வரைபடங்கள் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். இப்ஸ்விச் அருங்காட்சியகத்துக்காகத் தோண்டிக்கொண்டிருந்தவரை ஈடித் பிரெட்டி அம்மையார் 1938-ல் தன் நிலத்து மேடுகளைத் தோண்டக் கூப்பிட்டார். வாரக் கூலி 30 ஷில்லிங். 1939 மே மாதம் இரும்பு ஆணிகள் வரிசையாகத் தெரிய, மரம் மக்கிப்போன 27 மீட்டர் கப்பலின் அச்சை மணலிலிருந்து கலையாமல் பிரித்துக் காட்டினார். அந்த இடம்தான் சட்டன் ஹூ, இன்று உலகத்துக்கே தெரியும். ஜூலையில் கேம்பிரிட்ஜ்காரர்கள் வந்து பொறுப்பை வாங்கிக்கொண்டார்கள், பொருள்கள் இருந்த அறையைத் தோண்டியது அவர்கள்தான். இவர் மண் சுமக்க ஒதுங்கினார். இங்கிலாந்துக்கு வந்து குடியேறிய ஆங்கிலோ-சாக்சன்கள் வடஜெர்மன் கரைக்காரர்களின் உறவுகள் என்பதால் இதுவும் நம் தலைப்புக்குள்தான் வருகிறது.

வாசகர், தஞ்சாவூர்: தோண்டியதைப் பற்றிப் புத்தகம் வர ஏன் இத்தனை வருடம்?

இங்கிலாந்தில் நார்ஃபோக்கின் ஸ்பாங் ஹில் என்ற இடத்தில் 1972 முதல் 1981 வரை 2,000-க்கும் அதிகமான சாம்பல் தாழிகளைத் தோண்டினார்கள். வடஜெர்மனியில் எல்பே-வேசர் ஆறுகளுக்கு இடைப்பட்ட பகுதியின் பானைகளோடு அண்ணன் தம்பி போல் ஒத்துப்போகிறவை. தொகுதி தொகுதியாக அறிக்கை வந்து, முடிவுரைத் தொகுதி வந்தது 2013-ல். கெல்லெப்பின் கண்டெடுப்புகளைப் பற்றிய பிர்லிங்கின் பெரிய தொகுப்பு 2006-ல். தென்ஜெர்மனியின் லௌக்ஹைமில் 1,300-க்கும் மேற்பட்ட குழிகளை 1986 முதல் 1996 வரை தோண்டினார்கள், அதை முழுதாக ஆராயத் தனித் திட்டம் போட்டதே அதற்கும் பத்து வருடத்துக்கு மேல் கழித்து. ஒரு தாழியைக் காலி செய்ய, எலும்பைப் பிரிக்க, துருப்பிடித்த கட்டிக்குள்ளிருந்து ஊக்கை மீட்க, வரைய, ஒப்பிட நாள் கணக்கில் ஆகிறது. அதைப் பல ஆயிரத்தால் பெருக்கிப் பாருங்கள். இதற்கிடையில் அடுத்த குடியிருப்புக்குக் கோப்பு வந்து நிற்கும், தோண்டுவதற்குப் பணம் கொடுப்பவர்கள் எழுதுவதற்குக் கொடுக்க மாட்டார்கள். பலர் ஓய்வுபெற்ற பிறகு சொந்த நேரத்தில்தான் எழுதி முடிக்கிறார்கள். எழுதாமலே போய்ச் சேர்ந்தவர்களும் உண்டு. தோண்டிவிட்டு எழுதாமல் விட்ட இடுகாடு, என் கணக்கில், திருடன் தோண்டிய இடுகாட்டை விடக் கொஞ்சம்தான் மேல்.

வாசகர், விருதுநகர்: எலும்புக்கூடு நடுவில் வேலை, பயமாக இருக்காதா?

மழைக்குத்தான் பயப்படுவார்களாம். ஒரு ராத்திரி மழையில், குழியில் ஆள் படுத்திருந்த இடத்தில் தெரியும் அந்தக் கருத்த நிழல் கரைந்துவிடும்.

வாசகர், மதுரை: என் மகள் தொல்லியல் இளங்கலை படிக்கிறாள். ஜெர்மனியில் இந்த வேலைக்குப் போக முடியுமா?

அம்மா, படிக்கப் போகலாம், தாராளமாக. கீல், கோட்டிங்கன், ஹாம்பர்க், டூபிங்கன் எல்லாவற்றிலும் இந்தத் துறை இருக்கிறது. அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை, டூபிங்கன் இருக்கும் பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலத்தில் நம்மைப் போன்ற வெளிநாட்டினருக்கு அரையாண்டுக்கு 1,500 யூரோ. வேலை என்றால் வேறு கதை. முதுகலை, முனைவர் பட்டம், அதன்பின் அருங்காட்சியகத்திலோ தொல்பொருள் பாதுகாப்பு அலுவலகத்திலோ சுமார் இரண்டு வருடப் பயிற்சிப் பணி, அப்புறம் தனியார் அகழாய்வு நிறுவனங்களில் ஒப்பந்தம் மேல் ஒப்பந்தம். மாவட்டத் தொல்லியலாளர் பதவி ஒன்று காலியாக, ஏற்கெனவே இருப்பவர் ஓய்வுபெற வேண்டும். உள்ளூர் மக்களோடும் கட்டட முதலாளிகளோடும் ஜெர்மனில் மல்லுக்கட்டத் தெரிந்திருக்க வேண்டும், அறிக்கைகளும் ஜெர்மனில்தான். நேரே தோண்டும் வேலைதான் பிடிக்கும் என்றால் அகழாய்வுத் தொழில்நுட்பம் என்று தனிப் படிப்பே பெர்லினில் இருக்கிறது, அதில் வேலை வாய்ப்பு கொஞ்சம் பரவாயில்லை என்று நினைக்கிறேன். இப்போதைக்கு மொழி வகுப்பில் சேரச் சொல்லுங்கள், கோடை விடுமுறையில் இங்கே ஏதாவது ஒரு அகழாய்வில் ஒரு பருவமாவது வெயிலில் நிற்கட்டும். கார் ஓட்டுநர் உரிமமும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அகழாய்வு வேலை விளம்பரங்களில் அதைக் கேட்பது அங்கே வழக்கம், பஸ் போகாத வயல்தான் பாதி.